கண்நோய்க்குப் பாடசாலையை மூடலாமா? ஒரு நடவடிக்கை பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்க உறுப்பினர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய பாடசாலையில் இரண்டு வாரமாகக் கண்நோய் ஓடுகிறது. கூட்டத்தில் ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன: பாடசாலையை மூன்று நாள் மூடுவது, கண் சிவந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது, வகுப்பறைகளுக்குப் புகை அடிப்பது, எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுப்பது, வகுப்புக்கு ஒரு சானிடைசர் போத்தல் வைப்பது. "இதில் எது பொருத்தம், எது வீண்? எங்களைப் போன்றவர்கள் இதை எப்படித் தீர்மானிப்பது?" என்பது அவருடைய கேள்வி.

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்புவது பொருந்தும், ஆனால் எதைப் பார்த்து, எத்தனை நாளைக்கு என்பதை மாற்ற வேண்டும். மூன்று நாள் மூடுவது பொருந்தாது. புகையால் ஒரு பயனும் இல்லை. எல்லோருக்கும் சொட்டு மருந்து என்பது தீங்கும் செய்யக்கூடியது. சானிடைசர் அரைகுறை. முதலில் வந்திருக்க வேண்டியது உங்கள் பட்டியலிலேயே இல்லை: ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும்.

ஒரு நடவடிக்கையை நிறுத்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். கிருமி எந்த வழியால் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போகிறது? போய்ச் சேர்ந்து நோயாக வெளிப்பட எத்தனை நாள் எடுக்கிறது? அந்த வழியை மறிக்காத நடவடிக்கையும், அந்த நாட்கணக்கோடு ஒட்டாத நடவடிக்கையும் எவ்வளவு செலவு செய்தாலும் பலன் தராது.

வழி என்பது பெரும்பாலும் கைதான். நோயுள்ளவர் கண்ணைக் கசக்குகிறார். அந்தக் கை மேசையில், பேனையில், கதவுப் பிடியில், துவாயில் படுகிறது. அதைத் தொட்ட மற்றவர் தன் கண்ணைக் கசக்குகிறார். நோயுள்ள கண்ணைப் பார்த்தால் தொற்றும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பார்வையால் எதுவும் தொற்றாது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கு இதம் தரும், கை கண்ணுக்குப் போவதைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். அதை வாங்க வசதியில்லாத வீட்டுக்காரரை "கண்ணாடி போடாமல் வராதே" என்று விரட்டுவதில் நியாயமில்லை.

நாட்கணக்குத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம். ஊர் ஊராகப் பரவுகிற கண்நோய்க்குப் பெரும்பாலும் இரண்டு வகை வைரஸ்களில் ஒன்று காரணமாக இருக்கும். ஒன்று அடினோ வைரஸ். தொற்றியபின் கண் சிவக்க 5 முதல் 12 நாள் வரை எடுக்கலாம். சிவந்தபின் இரண்டு வாரம் வரையும் மற்றவருக்குக் கொடுக்கும். மற்றது எண்டரோ வைரஸ் குடும்பம். 1969 இல் கானாவின் அக்ரா நகரில் வெடித்த பெரும் பரவல் இந்த வகை. அப்பல்லோ விண்கலம் நிலவில் இறங்கிய காலம் என்பதால் "அப்பல்லோ நோய்" என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் கொக்சாக்கி ஏ24 என்ற இன்னொரு உறவுக் கிருமி இதே நோயை உண்டாக்கியது. இந்த வகை தொற்றிய 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் கண்ணைச் சிவக்க வைத்துவிடும். வெள்ளை விழியில் இரத்தம் திட்டுத்திட்டாகக் கசிந்து நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாகவே மாறிவிடும்.

ஆய்வுகூடப் பரிசோதனை இல்லாமல் எது என்று எப்படி அறிவது? வீட்டைக் கேளுங்கள். அண்ணனுக்குத் திங்கட்கிழமை சிவந்து, தங்கைக்குப் புதன்கிழமையே சிவந்தது என்று வீட்டுக்கு வீடு சொன்னால் அது பெரும்பாலும் எண்டரோ வகை. அண்ணனுக்கு வந்து ஒரு கிழமை, ஒன்பது நாள் கழித்துத் தங்கைக்கு வந்தது, காதுக்கு முன்னால் நெறி கட்டினாற்போல் சிறு வீக்கம் இருக்கிறது, இரண்டு வாரமாகியும் மாறவில்லை, சிலருக்குப் பார்வை மங்கலாகத் தெரிகிறது என்றால் அடினோவை நினைக்கலாம். இது உறுதியான நோய் நிர்ணயம் ஆகாது. ஆனால் எத்தனை நாளைக்குத் திட்டமிடுவது என்று முடிவெடுக்க இது போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது இந்த விபரத்தைக் கையில் கொடுத்தால் அவருடைய வேலை பாதி முடிந்தமாதிரி.

இப்போது மூன்று நாள் மூடுவதை எடுங்கள். பரவுவது அடினோ என்றால், இன்று தொற்றிய பிள்ளை மூன்று நாளும் வீட்டில் நலமாக விளையாடிவிட்டு, நாலாம் நாள் பாடசாலைக்கு வரும், அதற்குப் பிறகுதான் கண் சிவக்கும். மூடியது ஒன்றையும் மறிக்கவில்லை. எண்டரோ என்றால், "மூடுவோமா" என்று கூட்டம் கூடி வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு முடிவதற்குள் அது பாதி வகுப்பைக் கடந்துவிட்டிருக்கும். இரண்டு கணக்கிலும் மூன்று நாள் ஒட்டாது. மூடிய நாட்களில் பிள்ளைகள் வீட்டில் அடங்கியிருப்பதும் கிடையாது. ரியூசனுக்குப் போவார்கள், மைதானத்துக்குப் போவார்கள், ஒரே கட்டிலில் நாலு பேர் படுப்பார்கள். கூலிக்குப் போகிற தாய்க்கு மூன்று நாள் வருமானமும் போகும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2023 செப்டெம்பர் கடைசியில் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளை அந்தக் கிழமையின் மிச்ச நாட்களுக்கு மூடினார்கள். நோய் அதற்குள் மாகாணமெங்கும் பரவியிருந்தது. ஆசிரியர்களில் பாதிப் பேர் கண்நோயில் படுத்துப் பாடசாலை நடத்த முடியவில்லை என்றால் மூடத்தான் வேண்டும். அது ஆளில்லாத காரணத்துக்காக மூடுவது. நோயை நிறுத்துவதற்கு என்று சொல்லிப் பெற்றோருக்குப் பொய்யான தைரியம் கொடுக்கக் கூடாது.

வாசலில் திருப்பி அனுப்புவது வேறு விடயம். சாதாரணக் கண்நோய்க்குப் பிள்ளையை மறிக்கத் தேவையில்லை என்பது பிரித்தானிய சுகாதாரத் துறையின் வழிகாட்டல். வகுப்புக்கு வகுப்பு கழுவும் வசதி உள்ள இடத்தில் அது சரிவரும். ஒரு வாங்கில் நாலு பேர் ஒட்டியிருக்கிற நம்முடைய வகுப்பறையில், பரவல் ஓடும் காலத்தில், கண்ணீரும் பீளையும் வடிகிற பிள்ளையைச் சில நாள் வீட்டில் வைப்பதையே நான் சரி என்பேன். ஆனால் வாசலில் நிற்பவர் சிவப்பை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. இரத்தத் திட்டு நோய் போன பிறகும் ஒன்றிரண்டு கிழமை நிற்கும். கச்சான் காற்றில் புழுதி பட்டும் கண் சிவக்கும். ஒவ்வாமையால் வருடம் முழுவதும் கண் கசக்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவை இரண்டு: எப்போது தொடங்கியது? இன்னும் வடிகிறதா? வடிவது நின்றால் வரலாம். எண்டரோ வகைக்கு அது பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் நிற்கும். அடினோவுக்குக் கூடுதலாகும், வந்த பிறகும் அந்தப் பிள்ளை கை கழுவுவதில் கண் வைத்திருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் செய்யாவிட்டால் இந்த நடவடிக்கை தோற்கும். வீட்டில் நிற்கிற பிள்ளைக்குப் பாடக் குறிப்பு போய்ச் சேர வேண்டும், வரவு குறைந்தது என்று அதட்டக் கூடாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புத் தாய்மாரைக் கேட்டால் தெரியும். பாடம் போய்விடும் என்ற பயத்தில், கண்ணை வெளுக்க வைக்கும் சொட்டு மருந்தைப் பாமசியில் வாங்கி விட்டு அனுப்பிவிடுவார்கள். சிவப்பு மறையும், கிருமி இருக்கும். மறைக்கத் தூண்டுகிற கட்டுப்பாடு நோயை வகுப்பறைக்குள்தான் கொண்டுவந்து விடும். பரீட்சை நாளில் வந்தால் பிள்ளையைத் தடுக்காமல் தனி அறையோ தனி மேசையோ கொடுங்கள்.

கை கழுவுவதற்கு வருவோம். இங்கேதான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கையில் "அடிக்கடி கை கழுவவும்" என்று ஒரு வரி எழுதுவது சுலபம். உதாரணத்துக்கு 600 பிள்ளைகள், வேலை செய்கிற குழாய் மூன்று, இடைவேளை 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கை கழுவி விலக அரை நிமிடம். ஒரு குழாயில் 40 பேர், மூன்றிலும் 120 பேர். மிச்சம் 480 பேர் கழுவாத கையோடு சாப்பிட்டு, கழுவாத கையோடு வகுப்புக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை என்று குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. குழாய் இல்லை. கொரோனாக் காலத்தில் வாசலில் வைத்த குழாய் பூட்டிய வாளிகள் பல பாடசாலைகளின் களஞ்சிய அறையில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கழுவி, இரண்டு வகுப்புக்கு ஒன்று என்று வையுங்கள். இடைவேளையை வகுப்பு வகுப்பாக முன்பின் விடுங்கள். சவர்க்காரத்தை வெளியில் வைத்தால் காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். வெங்காயம் வருகிற வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டிவிட்டால் காகமும் எடுக்காது, தண்ணீரில் ஊறிக் கரைந்தும் போகாது. துடைக்க ஒரு பொதுத் துவாய் தொங்கவிட்டீர்களானால் கழுவியதெல்லாம் வீண். ஈரக் கையை உதறி உலரவிடச் சொல்லுங்கள், அல்லது அவரவர் லேஞ்சி.

சானிடைசர் ஏன் அரைகுறை என்றால், இந்த வைரஸ்களுக்குக் கொரோனாக் கிருமிக்கு இருப்பதுபோன்ற கொழுப்பு உறை கிடையாது. அந்த உறையைக் கரைத்துத்தான் மதுசாரம் கொரோனாவை இலேசாகக் கொல்கிறது. அடினோ அதற்கு எளிதில் அசையாது, உலர்ந்த மேசையிலும் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். சவர்க்காரத்தோடு தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவுவது அதைக் கையிலிருந்து அகற்றிவிடுகிறது. மேசை, கதவுப் பிடிகளுக்குக் குளோரின் கரைசல்: கடையில் விற்கும் 5 சதவீதத் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர், அன்றன்றைக்குக் கலந்து, துடைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு வெறுந்தண்ணீரால் துடைக்கலாம். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கையுறை போட்ட பெரியவர்தான் இதைச் செய்ய வேண்டும்.

புகை டெங்கு நுளம்புக்கு அடிப்பது. கண்நோயை நுளம்பு காவுவதில்லை. ஏற்கனவே எரிகிற கண்ணுக்கு அது இன்னும் எரிச்சல்.

சொட்டு மருந்தைப் பற்றி மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வழக்கமாகக் கொடுக்கப்படும் குளோராம்பெனிக்கோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பக்டீரியாவுக்கானவை, வைரஸை ஒன்றும் செய்யா. சும்மா கொடுத்தால் என்ன நட்டம் என்று கேட்பார்கள். வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒரு போத்தலை வாங்கி, தாய் முதலில் நோயுள்ள பிள்ளைக்கு விடுகிறாள். பிள்ளை துள்ளும்போது போத்தல் நுனி இமைமயிரில் முட்டுகிறது. அதே போத்தலை "முன்னெச்சரிக்கையாக" மற்றப் பிள்ளைகளுக்கும் விடுகிறாள். அந்த வீட்டில் நோய் பரவ இதைவிட நல்ல வழி கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் விநியோகம் என்றால் இதையே ஊரளவில் செய்கிறோம்.

இதைவிடப் பயங்கரம், மருத்துவர் எழுதாமல் பாமசியில் வாங்கப்படும் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டெரொய்ட் கலந்த சொட்டு மருந்து. ஒரு நாளில் சிவப்புக் குறையும், அதனால் "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். கண்ணில் இருப்பது ஹேர்ப்பீஸ் வைரஸ் புண்ணோ பூஞ்சணமோ என்றால் அது கருவிழியைத் தின்ன இந்த மருந்து கதவைத் திறந்துவிடும். நம்முடைய மாவட்டங்களில் இது வெறும் புத்தகப் பயமல்ல. பெரும்போக வேளாண்மை வெட்டும் காலத்திலும், சிறுபோக வெட்டுக் காலத்திலும், படுவான்கரை வட்டைகளிலும் அம்பாறை வயல்களிலும் நெல்லுச் சுணையும் வைக்கோல் துரும்பும் கண்ணில் பட்டுக் கருவிழி கீறுப்படும். அந்தக் கீறலில் பூஞ்சணம் பிடிக்கும். ஊரெல்லாம் கண்நோய் என்கிற நேரத்தில் அந்த விவசாயியும் "எனக்கும் அதுதான்" என்று நினைத்து, அயலவரின் போத்தலை வாங்கி விட்டால், ஒரு கண்ணின் பார்வையே போகலாம். ஆகவே பரவல் காலத்து அறிவித்தலில் "கண்ணில் ஏதும் பட்ட பிறகு சிவந்ததா? அது கண்நோய் அல்ல, உடனே காட்டுங்கள்" என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

சிகிச்சை நிலையமே பரப்பும் இடமாகிவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் அடினோ வகைக் கண்நோய் பெரிதாகப் பரவியது. கண்ணில் இரும்புத் துகள் பட்டுத் தளத்தின் மருந்தகத்துக்குப் போன தொழிலாளர்கள் அங்கேயே தொற்றை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நெல்லுச் சுணையோடு கிளினிக்குக்கு வருகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. சிவந்த கண்ணோடு வருபவர்களுக்குத் தனி வாங்கு, ஒவ்வொருவருக்கும் இடையில் கை கழுவுதல், கண்ணில் படும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தல், கண் சிவந்த ஊழியருக்கு விடுப்பு: ஒரு வைத்தியசாலை பரவலுக்குத் தயாரா என்று பார்க்க நான் தேடுவது இவற்றைத்தான். விளம்பரப் பதாகை எத்தனை கட்டினார்கள் என்பதை நான் எண்ணுவதில்லை. சலூன்காரரின் தோளில் கிடக்கும் துவாயும் இதே கணக்கில் வரும். பரிசோதகர் பத்துச் சலூன் ஏறி இறங்கினால் கிடைக்கும் பலன் பத்து ஒலிபெருக்கி அறிவித்தலில் கிடைக்காது.

கோயில், பள்ளிவாசல் விடயத்தில் தடை என்று தொடங்கினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தமாட ஆயிரக்கணக்கில் சனம் சேரும். கண் வடிகிறவர் தீர்த்தத்தில் இறங்காமல் இருப்பதும், குடும்பம் முழுவதும் ஒரே துவாயில் துவட்டாமல் இருப்பதும் போதுமான வேண்டுகோள். அடினோ, குளோரின் போதாத நீச்சல் குளத் தண்ணீரிலும் பரவுகிற கிருமி என்பதை ஆலய பரிபாலன சபைக்குச் சொன்னால் அவர்களே அறிவிப்பார்கள். காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் பள்ளிவாசல் ஹவுழில், அதாவது தண்ணீர்த் தொட்டியில், கை முக்கி முகம் கழுவுவதற்குப் பதிலாகக் குழாயில் வுழூ எடுக்கும்படி கதீப் ஜும்ஆவில் ஒரு வார்த்தை சொன்னால், அது எந்தச் சுற்றறிக்கையையும்விட வேகமாக வீட்டுக்குப் போகும். அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் வேப்பிலை கட்டி, நோயாளிக்குப் பாயையும் கோப்பையையும் வேறாக்கி, வெளியாரை வராமல் வைப்பது நம் முன்னோர் வழக்கம். கண்நோய்க்கும் அந்த ஒழுங்கு அப்படியே பொருந்தும். கண்ணகி அம்மனுக்குக் கண்மலர் நேர்வதில் ஒரு குறையும் இல்லை. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், திருநீற்றுத் தண்ணீர் எதையும் கண்ணுக்குள் மட்டும் விடாதீர்கள்.

எடுத்த நடவடிக்கை வேலை செய்ததா என்று எப்படி அறிவது என்பது மிச்சம். ஒரு கொப்பி போதும். வகுப்பு, கண் சிவக்கத் தொடங்கிய திகதி, வீட்டில் வேறு யாருக்கு எப்போது வந்தது என்று மூன்று பத்தி. வைத்தியரிடம் போன திகதியோ பாடசாலைக்கு வராத திகதியோ எழுதினால் கணக்குப் பிழைக்கும், தொடங்கிய திகதிதான் வேண்டும். பிறகு சதுரக் கோட்டுத் தாளில் நாளுக்கு நாள் பெட்டி பெட்டியாக நிரப்புங்கள். கணித ஆசிரியர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம்.

அந்தப் படத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இன்று வாளி வைத்தீர்கள், நாளைக்கே எண்ணிக்கை விழுந்தது என்றால் அது வாளியால் விழவில்லை. நாளைக்குச் சிவக்கப்போகிற கண்ணில் கிருமி ஏற்கனவே குடியேறிவிட்டது. எண்டரோ வகையில் இரண்டு மூன்று நாள் கழித்தும், அடினோவில் ஒரு கிழமை தொடக்கம் இரண்டு கிழமை கழித்தும்தான் நடவடிக்கையின் பலன் தெரியத் தொடங்கும். கண்நோய்ப் பரவல் தொற்றக்கூடியவர்கள் தீர்ந்ததும் தானாகவும் தணியும். அதனால் கடைசியாக என்ன செய்தோமோ அதற்குத்தான் பெயர் போகும். புகை அடித்த மறுகிழமை நோய் குறைந்தால் அடுத்த முறையும் புகைதான் கேட்பார்கள். ஒப்பிட ஒரு வழி உண்டு: வாளியும் சவர்க்காரமும் முதலில் கிடைத்த வகுப்புகளையும் ஒரு கிழமை பிந்திக் கிடைத்த வகுப்புகளையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள். வாளிகள் ஒரே நாளில் கிடைப்பதில்லை என்பதால் இந்த வித்தியாசம் எப்படியும் வரத்தான் போகிறது. வெளிநோயாளர் பிரிவின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இலவச மருந்து என்றால் அது ஏறும், மருந்து முடிந்தது என்றால் இறங்கும், நோய் அதே இடத்தில் நிற்கும்.

உங்கள் சங்கத்தில் இருக்கிற பணத்துக்கு என் ஒழுங்கு இது: குழாய், வாளி, சவர்க்காரம் முதலில். வீட்டுக்குப் பாடக் குறிப்பு பிரதி எடுக்கும் செலவு அடுத்தது. குளோரின் அதற்குப் பிறகு. சொட்டு மருந்துக்கும் புகைக்கும் ஒரு சதமும் வேண்டாம்.

கீழே உள்ளவர்களை மட்டும் "பரவுகிற கண்நோய்தானே" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்: பார்வை மங்கியவர், கண் கடுமையாக நோகிறவர், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாதவர், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறவர், கண்ணில் நெல்லோ துரும்போ பட்டவர், கண்ணில் வில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) அணிகிறவர், தலையிடியும் வாந்தியுமாகக் கண் சிவந்தவர், பிறந்து 28 நாள் ஆகாத குழந்தை. இவர்கள் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிட்டிய ஆதார வைத்தியசாலையில் காட்டினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அல்லது அம்பாறை பொது வைத்தியசாலைக் கண் பிரிவுக்கு அவர்கள் அனுப்புவார்கள். பச்சைக் குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், இரவென்றாலும் கொண்டுபோங்கள்.